கப்பலுக்குக் காது வைத்த வாத்தியார்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். சொந்தக் கதை வேண்டாம், படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று. சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நான் ஏன் இந்த மனிதரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு மட்டும் இரண்டு வரி சொந்தக் கதை சொல்லியாக வேண்டும், பொறுத்தருளவும்.

நம் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, ரேடியோ ஆபீசர் கோர்ஸ் முடித்து, சரக்குக் கப்பல்களில் ஊர் ஊராகச் சுற்றியவன் நான். எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் ரேடியோ ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பலில் ஒரே பட்டப்பெயர்தான்: ஸ்பார்க்ஸ். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கருவிகளில் பொறியும் கிடையாது, தீயும் கிடையாது. எல்லாம் வால்வும் டிரான்சிஸ்டரும்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது. அந்தப் பொறி உண்மையிலேயே சடசடவென்று வெடித்துக்கொண்டிருந்த காலத்துக் கப்பல் கருவிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. அப்படிப் படித்ததில் மனசில் தங்கிப்போனவர், ரஷ்யக் கடற்படைக்கு வயர்லெஸ் கொண்டுவந்த அலெக்சாண்டர் ஸ்டெபானோவிச் பாப்போவ். அவர் தளபதியும் அல்ல, கம்பெனி முதலாளியும் அல்ல. நம்ம சார்களைப் போல சாக்குப்பீஸ் பிடித்த ஒரு வாத்தியார். (கீழே வரும் தேதிகள் இன்று நாம் பயன்படுத்தும் காலண்டர்படி தரப்பட்டவை. அன்றைய ரஷ்யாவில் வேறு காலண்டர் இருந்தது.)

சுரங்க ஊர்ப் பையன்

பாப்போவ் பிறந்தது 1859 மார்ச் 16 அன்று, உரால் மலைப் பகுதியில் உள்ள ஒரு சுரங்க ஊரில். இன்று அந்த ஊருக்கு கிராஸ்னோதுரின்ஸ்க் என்று பெயர். அப்பா தேவாலயப் பாதிரியார். வீட்டில் ஏழு பிள்ளைகள். வசதி குறைவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதிரியார் பிள்ளைகளுக்கு மதப் பள்ளியில் படிப்பு உண்டு என்பதால் பையனும் அங்கேதான் படித்தான். அப்பா வழியில் போய்ப் பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவன், 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம் படிக்கச் சேர்ந்தான்.

கையில் காசு கிடையாது. அப்போதுதான் நகரத்தில் மின்விளக்கு போட ஆரம்பித்திருந்த ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1882-ல் பட்டம். கரும்பலகையில் படித்த மின்சாரத்தை டைனமோ பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்த அனுபவம் அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

1883-ல் கிரான்ஸ்டாட்டில் வேலை கிடைத்தது. பீட்டர்ஸ்பர்க்குக்கு எதிரே கடலில் இருக்கும் கோட்டைத் தீவு அது, பால்டிக் கடற்படையின் தலைமையிடம். அங்கே டார்பிடோ, கண்ணிவெடி அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. கண்ணிவெடியை மின்சாரத்தால் வெடிக்க வைப்பார்கள். ஆகவே அதிகாரிகளுக்கு மின்சாரம் தெரிந்தாக வேண்டும். அதனால் அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகம் அன்றைய ரஷ்யாவிலேயே மிக நல்ல ஆய்வகங்களில் ஒன்றாக இருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளும் தவறாமல் வந்தன. பாப்போவ் அங்கே 18 ஆண்டுகள் பாடம் நடத்தினார். சோதனைக்கு வேண்டிய சாமான்களைத் தானே செய்வார். தச்சு வேலை தெரியும், கண்ணாடிக் குழாயை ஊதி வளைக்கவும் தெரியும்.

அதே 1883-ல்தான் திருமணமும். மனைவி ரைசா மருத்துவம் படித்து டாக்டரானவர். அந்தக் காலத்தில் பெண்கள் டாக்டராவது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். கோடை விடுமுறையிலும் பாப்போவ் சும்மா இருக்கவில்லை. நீஷ்னி நோவ்கோரோத் நகரத்தின் பெரிய சந்தைக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையத்தைப் பல கோடைகள் கவனித்துக்கொண்டார்.

இரும்புத்தூளும் மணிச்சுத்தியலும்

1888-ல் ஜெர்மனியில் ஹென்ரிக் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் உண்மையிலேயே காற்றில் ஓடுகின்றன என்று நிரூபித்துக் காட்டினார். கொஞ்ச காலத்திலேயே பாப்போவ் அந்தச் சோதனைகளைக் கடற்படை அதிகாரிகள் முன்னால் செய்து காட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஹெர்ட்ஸின் கருவியில் அலை வந்து சேர்ந்ததற்கு அடையாளம், இருட்டறையில் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய ஒரு குட்டிப் பொறி. அதை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட முடியுமா?

பிரான்சில் எட்வர்ட் பிரான்லி 1890-ல் ஒரு வழி கண்டார். கண்ணாடிக் குழாயில் உலோகத்தூளைப் போட்டு இரண்டு பக்கமும் மின்கம்பி கொடுத்தால், சாதாரணமாக மின்சாரம் அதில் ஓடாது. பக்கத்தில் எங்காவது மின்பொறி வெடித்தால் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1894-ல் இதை அலை பிடிக்கும் கருவியாகப் பயன்படுத்திக் காட்டி, கோஹரர் என்று பெயர் வைத்தார். ஆனால் ஒரு சிக்கல். ஒருமுறை ஒட்டிக்கொண்ட தூள் தானாகப் பிரியாது. குழாயைத் தட்டினால்தான் அடுத்த அலையைப் பிடிக்கும்.

பாப்போவ் செய்த காரியத்தை அழகு என்றுதான் சொல்ல வேண்டும். அலை வந்ததும் குழாயில் மின்சாரம் ஓடி ஒரு ரிலேயை இயக்கும். ரிலே மின்மணியை அடிக்கும். மணியை அடித்துவிட்டுத் திரும்பி வரும் சுத்தியல், அதே வேகத்தில் கண்ணாடிக் குழாயையும் ஒரு தட்டுத் தட்டும். தூள் பிரிந்துவிடும். அதாவது வந்த அலையே தன் வரவையும் அறிவித்து, அடுத்த அலைக்கு இடத்தையும் துடைத்து வைத்துவிட்டுப் போகிறது. எதிரே அனுப்புகிறவர் கொஞ்ச நேரம் பொறி விட்டால் மணியும் கொஞ்ச நேரம் அடிக்கும், நீளமாக விட்டால் நீளமாக அடிக்கும். புள்ளியும் கோடும் ரெடி.

1895 மே 7 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் இயற்பியல், வேதியியல் அறிஞர்களின் சங்கக் கூட்டத்தில் இந்தக் கருவியைக் காட்டினார். அந்தக் கோடையிலேயே அது அங்குள்ள வனவியல் கல்லூரியில் மின்னல் பதிவுக் கருவியாக வேலை செய்ய ஆரம்பித்தது. தொலைவில் இடி இடிக்கும் மேகத்தை வருமுன்னே சொல்லிவிடும்.

ரேடியோவைக் கண்டுபிடித்தது யார்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நம்மூரிலும் கேட்பார்கள். நாம் ஜகதீஷ் சந்திர போஸ் என்போம். அவரும் அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் மின்காந்த அலையால் மணி அடித்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டியவர்தான். இத்தாலிக்காரரைக் கேட்டால் மார்க்கோனி என்பார், அமெரிக்கர் டெஸ்லா என்பார், ரஷ்யர் பாப்போவ் என்பார்.

எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் இதுதான். மார்க்கோனி 1896 ஜூன் மாதம் இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டே கம்பெனி வைத்தார், கடல் கடந்து செய்தி அனுப்பிக் காட்டினார், உலகம் பூராவும் விற்றார். பாப்போவ் 1895-ல் செய்து காட்டினார், கட்டுரையாக வெளியிட்டார், ஆனால் அந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அவர் வேலை பார்த்த இடம் வியாபாரக் கூடம் அல்ல, கடற்படைப் பள்ளி. 1902-ல் மார்க்கோனி ஓர் இத்தாலியப் போர்க்கப்பலில் கிரான்ஸ்டாட்டுக்கு வந்தபோது பாப்போவ் அந்தக் கப்பலுக்கே போய் அவரைப் பார்த்தார். பொறாமையில் புழுங்கிய மனிதர் அப்படிப் போக மாட்டார்.

கப்பலில் ஏறிய வயர்லெஸ்

பாப்போவின் ஆசையெல்லாம் கப்பல்மேல்தான். அன்று கரையை விட்டு நகர்ந்த கப்பல் செவிடும் ஊமையும்தான். கொடி காட்டலாம், விளக்கடிக்கலாம், பீரங்கி வெடிக்கலாம். மூடுபனி வந்தால் எல்லாம் போச்சு.

1897-ல் கிரான்ஸ்டாட் துறைமுகத்தில் சோதனை ஆரம்பம். முதலில் 640 மீட்டர். அந்தக் கோடையிலேயே பின்லாந்து வளைகுடாவில் 'யூரோப்பா' என்ற கப்பலுக்கும் 'ஆப்பிரிக்கா' என்ற குரூசருக்கும் இடையே 5 கிலோமீட்டர். அப்போது வேடிக்கையான ஒன்று நடந்தது. இரண்டு கப்பல்களுக்கும் நடுவே 'லெப்டினன்ட் இல்யின்' என்ற இன்னொரு கப்பல் குறுக்கே போனபோதெல்லாம் செய்தி அறுந்துபோனது. இரும்புக் கப்பல் அலையை மறிக்கிறது என்பதைப் பாப்போவ் தன் அறிக்கையில் குறித்து வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து வந்த ராடாரின் விதை அந்தக் குறிப்பில் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கப்பல் வயர்லெஸ் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மேஜைமேல் பேட்டரியும் பெரிய இன்டக்ஷன் காயிலும். அதன் முனைகளில் இரண்டு உலோகக் குண்டுகள், நடுவே சிறு இடைவெளி. சாவியை அமுக்கினால் அந்த இடைவெளியில் பளீரென்று பொறி பாயும், சத்தம் அறையைத் தாண்டிக் கேட்கும். பாய்மரத்தின் உச்சிக்கு ஒரு கம்பி ஏறும், அதுதான் ஏரியல். இன்னொரு கம்பி கப்பலின் இரும்பு உடம்போடு சேரும். எதிர்ப்பக்கத்தில் கோஹரரும், காகித நாடாவில் புள்ளி கோடு போடும் மோர்ஸ் கருவியும். இன்றுபோல் ஸ்டேஷன் திருப்பி வைக்கும் வசதி பெரிதாகக் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் பேசினால் இரண்டும் கூழாகிவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போர் வரும்போது வேண்டும்.

1899-ல் இன்னொரு பெரிய முன்னேற்றம். பாப்போவ் வெளிநாட்டில் இருந்த சமயம், அவருடைய உதவியாளர் ரிப்கினும் டிராய்ட்ஸ்கி என்ற ராணுவ அதிகாரியும் ஒரு கோட்டையில் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கோஹரரோடு டெலிபோன் காதுக்குழலை இணைத்தபோது, மணியை அடிக்கப் போதாத பலவீனமான சிக்னல்கூட காதில் தெளிவாகக் கேட்டது. செய்தி கிடைத்ததும் பாப்போவ் விரைந்து வந்தார், காதால் கேட்கும் கருவியை உருவாக்கினார், இதற்குக் காப்புரிமையும் வாங்கினார். தூரம் பல மடங்கு கூடியது. இடிச்சத்தம் எது, செய்தி எது என்று இயந்திரத்தால் பிரிக்க முடியாது. பழகிய காது பிரித்துவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நள்ளிரவு வாட்ச் பார்த்த எங்கள் கூட்டத்துக்கெல்லாம் தொழில் அங்கேதான் பிறந்தது.

ஹோக்லாந்து தீவு

சோதனையெல்லாம் சரி, உண்மையான தேவை வந்தபோது கருவி நின்றதா? 1899 நவம்பரில் 'ஜெனரல் அட்மிரல் அப்ராக்சின்' என்ற போர்க்கப்பல் பின்லாந்து வளைகுடாவில் ஹோக்லாந்து தீவின் பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. கடல் உறையும் காலம். தீவிலிருந்து கரைக்குத் தந்திக் கம்பி கிடையாது. கடலுக்கடியில் கேபிள் போட வழியில்லை. பாப்போவைக் கூப்பிட்டார்கள். ரிப்கின் தீவில் ஒரு நிலையம் போட்டார், பாப்போவ் கோட்கா நகரத்துப் பக்கம் இன்னொன்று போட்டார். இடையே 47 கிலோமீட்டர் பனிக்கடல்.

1900 பிப்ரவரி 6 அன்று போன முதல் உத்தரவுகளில் ஒன்று போர்க்கப்பலைப் பற்றியதே அல்ல. மீனவர்கள் சிலர் நின்ற பனித்தட்டு உடைந்து கடலுக்குள் மிதந்து போய்விட்டது. உடனே போய்க் காப்பாற்றும்படி 'எர்மாக்' என்ற பனியுடைக்கும் கப்பலுக்கு வயர்லெஸில் செய்தி போனது. எர்மாக் கிளம்பிப் போய் அவர்களை மீட்டு வந்தது. எங்கள் தொழிலில் உயிர் காப்பதுதான் முதல் கடமை என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பாடத்தின் முதல் பக்கங்களில் இந்த மீனவர்கள் இருக்கிறார்கள்.

வசந்தம் வரை அந்த வழியில் நூற்றுக்கணக்கான தந்திகள் போய் வந்தன. கப்பலும் பாறையிலிருந்து இறங்கியது. எர்மாக் கப்பலை உருவாக்கியவரும் பாப்போவின் உழைப்பை மதித்தவருமான அட்மிரல் மகாரோவ் பாராட்டித் தந்தி அனுப்பினார். கடற்படைக் கப்பல்களில் வயர்லெஸ் வைப்பது என்று அரசு முடிவு செய்தது.

பெட்டி வந்தது, ஆள் வரவில்லை

இங்கேதான் கதை கசக்க ஆரம்பிக்கிறது. கிரான்ஸ்டாட்டில் கருவி செய்ய ஒரு பட்டறை ஏற்படுத்தினார்கள். ஆனால் அது சின்னப் பட்டறை, அத்தனை கப்பல்களுக்கும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாரீஸில் டுக்ரேடே என்பவர் பாப்போவ் முறைக் கருவிகளைச் செய்து கொடுத்தார். பாப்போவ் 1901-ல் பீட்டர்ஸ்பர்க் மின்பொறியியல் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் போனார். கடற்படை வேலையையும் விடாமல் பார்த்துக்கொண்டார்.

1904 பிப்ரவரியில் ஜப்பானோடு போர் வெடித்தது. தூரக்கிழக்கில் போர்ட் ஆர்தருக்குத் தளபதியாகப் போன மகாரோவ், எதிரியின் வயர்லெஸை இடைவிடாமல் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்று மார்ச் மாதமே உத்தரவு போட்டார். ஏப்ரல் 13 அன்று அவர் இருந்த கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது, அவரும் போனார். இரண்டு நாள் கழித்து ஜப்பானியக் கப்பல்கள் வயர்லெஸ் மூலம் குறி திருத்திச் சுட்டபோது, ரஷ்ய நிலையங்கள் வேண்டுமென்றே பொறி விட்டு அந்தச் செய்தியைக் குழப்பின. மேலே சொன்ன கூழ் ஞாபகம் இருக்கிறதா? அதையே ஆயுதமாக்கினார்கள். ஆள் தெரிந்த ஆளாக இருந்தால் கருவி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இது உதாரணம்.

எதிர் உதாரணமும் உடனே வந்தது. பால்டிக் கடலிலிருந்து ரோஷெஸ்ட்வென்ஸ்கி தலைமையில் ஒரு பெரிய படை 1904 அக்டோபரில் கிளம்பியது. அவசரத்தில் ஜெர்மன் டெலிபுங்கன் கம்பெனியின் கருவிகளை வாங்கிப் பொருத்தினார்கள். கருவி மட்டமானதல்ல. ஆனால் புதுக்கருவியை இயக்கப் பழகிய ஆட்கள் போதவில்லை, பழக்க நேரமும் இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி, இந்துப் பெருங்கடலைத் தாண்டி, 1905 ஏப்ரலில் சிங்கப்பூர் பக்கமாகப் போய், ஏழு மாதப் பயணத்துக்குப் பின் மே 27 விடியற்காலை கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள சுஷிமா நீரிணைக்கு வந்து சேர்ந்தது.

ஜப்பான் வேறுமாதிரி தயாராகியிருந்தது. கிமுரா ஷுன்கிச்சி என்ற இயற்பியல் வாத்தியாரைக் கடற்படைக்குள் கொண்டுவந்து, 1903-ல் சொந்தமாக ஒரு வயர்லெஸ் கருவியை உருவாக்கிக் கப்பல்களில் பொருத்தி, ஆட்களைப் பழக்கியும் வைத்திருந்தார்கள். 'ஷினானோ மாரு' என்ற காவல் கப்பல் மூடுபனியில் ரஷ்யப் படையைக் கண்டதும் செய்தியைத் தட்டியது. அட்மிரல் டோகோ புறப்பட்டுவிட்டார். ரஷ்யர்களின் 'உரால்' கப்பலில் மிகச் சக்தி வாய்ந்த வயர்லெஸ் இருந்தது. ஜப்பானியச் செய்தியைக் குழப்பிவிட அதன் கேப்டன் அனுமதி கேட்டார். ரோஷெஸ்ட்வென்ஸ்கி மறுத்துவிட்டார். இரண்டே நாளில் அந்தப் படை அழிந்தது. ஆயிரக்கணக்கான மாலுமிகள் கடலில் போனார்கள். பாப்போவின் வயர்லெஸ் பாறையிலிருந்து மீட்க உதவிய அதே அப்ராக்சின் கப்பலும் அங்கே இருந்தது. மே 28 அன்று அது சரணடைந்து, ஜப்பானியக் கொடியின் கீழ் வேறு பெயரில் ஓடியது.

வயர்லெஸ் ஒன்றினால் மட்டும் அந்தத் தோல்வி வந்தது என்று நான் சொல்லவில்லை. பீரங்கி, வேகம், தலைமை, களைப்பு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஒரு வாத்தியாரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் நம்பிப் போனார்கள் என்பது என் தொழிலில் இருந்தவனுக்கு வலிக்கிற விஷயம்.

கடைசிப் பாடம்

1905 ரஷ்யாவில் கொந்தளிப்பான ஆண்டு. வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, மாணவர் போராட்டம். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் மின்பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் இயக்குநரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அப்படி முதன்முதலாகத் தேர்வானவர் பாப்போவ். பதவி ஆசை இல்லாத, உடம்பும் தளர்ந்திருந்த மனிதர்.

மாணவர்கள் கல்லூரிக்குள் கூட்டம் போட்டார்கள். அரசாங்கம் அதை அடக்கச் சொல்லி நெருக்கியது. கல்லூரிக்குள் போலீஸ் கூடாது என்ற ஆசிரியர் குழுவின் முடிவுக்குப் பாப்போவ் கடைசிவரை துணை நின்றார். மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. கடும் வாக்குவாதம் நடந்தது. மாணவர்களைக் காட்டிக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் உடல்நலம் குன்றிப் படுத்தார். மூளையில் ரத்தக்கசிவு. 1906 ஜனவரி 13 அன்று காலமானார். வயது 46 மட்டுமே. பீட்டர்ஸ்பர்க்கில் வோல்கோவோ இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

புகழ் பிறகு வந்தது. 1945 முதல் மே 7-ஆம் தேதியை ரஷ்யாவில் ரேடியோ தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2005-ல் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற உலக மின்பொறியாளர் அமைப்பு, 1895-ல் அவர் செய்த பணியை ஒரு மைல்கல்லாக அறிவித்து, அவர் வேலை பார்த்த அந்தக் கல்லூரியில் பலகை வைத்தது.

நமக்கு ஒரு வார்த்தை

தம்பி, தங்கைகளே! கண்ணாடிக் குழாயையும் இரும்புத்தூளையும் மணியையும் வைத்து ஒரு பெரிய காரியம் செய்ய முடியும் என்று காட்டியவர் ஒரு லேப் வாத்தியார். உங்கள் லேபில் அதைவிடக் குறைவாகவா சாமான் இருக்கிறது?

சக முன்னாள் மாணவர்களே! ஒவ்வொரு சந்திப்பிலும் கல்லூரிக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று பட்டியல் போடுகிறோம். புதுக் கருவி, புது கம்ப்யூட்டர், புரொஜக்டர். நல்ல மனசோடுதான் கொடுக்கிறோம். நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. இந்த ஆண்டு திரட்டும் நிதியில் ஒரு பங்கை, அந்தக் கருவிகளை இயக்கிக் காட்டவும் பழுது பார்க்கவும் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பழக்கவும் ஒரு ஆய்வக உதவியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்குவோம். பாப்போவுக்கு ஒரு ரிப்கின் இருந்ததுபோல, நம் பேராசிரியர்களுக்கும் ஒருவர் வேண்டும். சுஷிமா போன கப்பல்களில் பெட்டிகள் இருந்தன, அவற்றைப் பேச வைக்கப் பழகிய கைகள்தான் போதவில்லை. நம் கல்லூரிக்கு அந்த நிலை வர வேண்டாம்.

பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய யாராவது கை தூக்குங்கள்.

முன்னாள் மாணவன்,
இயற்பியல் துறை